2025 மே 1 கிராம சபையில் பேசிய குடிநீர் விஷயம் தீர்மானப் புத்தகத்தில் இல்லை. ஆகஸ்ட் 15க்கு முன் என்ன செய்யலாம்?

மேற்குத்தெரு:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது சின்ன ஊராட்சி. தாய்க்கிராமம் ஒன்று, குக்கிராமம் இரண்டு, மொத்தம் 2,100 பேர் சொச்சம். எங்கள் தெரு மேற்குக் கோடியில் மேட்டில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டி கிழக்கே பள்ளிக்கூடத்தை ஒட்டி. தண்ணீர் திறந்ததும் கிழக்குத் தெருவும் நடுத்தெருவும் பிடித்து முடிக்கும்வரை எங்கள் குழாயில் வெறும் காற்றுதான். அப்புறம் நூலாக ஒழுகும். இரண்டாவது குடம் நிறைவதற்குள் வால்வை அடைத்துவிடுவார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டாயிற்று, ஆனாலும் எங்கள் அம்மா இன்னும் பள்ளிக்கூடத்துப் பொதுக்குழாய்க்குத்தான் நடக்கிறார்.

மே 1 கிராம சபைக்கு எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போனார்கள். அம்மாதான் எழுந்து பேசினார். பற்றாளராக (கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலர்) வந்தவர் பொறுமையாகக் கேட்டார், செயலாளர் "எழுதிக்கிறேம்மா" என்றார். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், ஓட்டு ஊரில்தான். போன வாரம் ஊருக்குப் போனபோது ஊராட்சி அலுவலகத்தில் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டேன். மறுக்காமல் காட்டினார்கள். அதில் இருந்தது இதுதான்: "ஊராட்சியில் குடிநீர் விநியோகம் சீராக நடைபெற்று வருவது குறித்து விவாதிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது." அதற்குப் பின்னால் வரும் கையெழுத்துப் பக்கத்தில் ஏழாவதோ எட்டாவதோ என் அம்மாவின் கையெழுத்து. அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

இதைத் திருத்த முடியுமா? எங்கள் மாவட்டத்தில் ஜனவரியோடு தலைவர், உறுப்பினர் எல்லோருடைய பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர்தான் இருக்கிறார். தலைவரே இல்லாதபோது கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா? ஆகஸ்ட் 15க்கு லீவு போட்டுவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

தம்பி, கிராம சபையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தெருவே திரண்டு போங்கள். மனுவுக்கு நம்பர் போட்டு ரசீது தருவார்கள். அல்லது முதல்வர் உதவி எண் 1100க்குப் போன் அடித்துப் பதிவு செய்யுங்கள். கிராம சபையில் பேசுவதெல்லாம் காற்றோடு போகும், நீங்களே பார்த்துவிட்டீர்களே.

ஓய்வுபெற்ற செயலாளர்:

மேற்குத்தெரு தம்பிக்கு, நான் ஊராட்சிச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் எல்லோரும் கிளார்க்கு என்றுதான் கூப்பிடுவார்கள். தீர்மானப் புத்தகம் எழுதியே கை தேய்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த வரி எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராம சபைக்கு ஒரு பொது அஜெண்டா மேலேயிருந்து வரும். நிதி செலவின விவரம், சுகாதாரம், டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக், குடிநீர், அந்தந்தத் திட்டங்களின் முன்னேற்றம் என்று பொருள்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தீர்மானம் எழுத வேண்டும். பல ஊராட்சிகளில் அந்த வரிகளை முந்தின நாள் ராத்திரியே எழுதி வைத்துவிடுவார்கள். உங்கள் அம்மா பேசுவதற்கு முன்பே "சீராக நடைபெற்று வருகிறது" என்று மை காய்ந்திருக்கும். மக்கள் எழுந்து சொல்வதெல்லாம் கடைசியில் இருக்கும் "இதர பொருள்கள்" என்ற தலைப்பில் வர வேண்டியது. அந்த நேரத்துக்கு வெயில் ஏறிவிடும், பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள், பற்றாளருக்கு அடுத்த வேலை இருக்கும். அங்கேதான் விஷயம் விடுபட்டுப் போகிறது.

ஆகவே உங்கள் விஷயம் "இதர"வில் வரக் கூடாது. அஜெண்டாவில் தனிப் பொருளாக எண் போட்டு வர வேண்டும். கூட்ட அறிவிப்பு 7 நாள் முன்னால் கொடுக்க வேண்டும் என்பது விதி. அறிவிப்பு எழுதும் முன்பே உங்கள் மனு மேசைக்குப் போயிருக்க வேண்டும். ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் முதல் இரண்டு நாளிலோ கொடுத்துவிடுங்கள். செயலாளரிடம் ஒன்று, தனி அலுவலராக இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒன்று. ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பி.டி.ஓ. இருப்பார்கள், கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர் யார் என்று கேட்டு அவரிடம் கொடுங்கள். மாறிப் போனால் அந்த மேசைக்கும் இந்த மேசைக்குமாக ஒரு வாரம் ஓடிவிடும்.

தலைவர் இல்லை என்பதால் கிராம சபை செத்துப் போய்விடவில்லை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு கிராம சபையைப் பற்றியது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர், நீங்களும்தான். தலைவர் பதவிக்காலம் 5 வருஷம். கிராம சபைக்குப் பதவிக்காலமே கிடையாது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவி முடிந்தது, அன்றிலிருந்து தலைவரின் வேலையைத் தனி அலுவலர் பார்க்கிறார். நெல்லை, தென்காசி, விழுப்புரம் போல 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த 9 மாவட்டங்களில் மட்டும் தலைவர்களின் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரை. உங்கள் ஊரில் இப்போது வார்டு உறுப்பினரும் இல்லை, மன்றக் கூட்டமும் இல்லை. மக்கள் வாய்திறந்து பேச மிச்சமிருக்கும் ஒரே இடம் கிராம சபைதான். அதைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

வைகைக்கரை அண்ணன் சொன்னதும் சரியான வழிதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனு போகும் பாதையைப் பாருங்கள். கலெக்டர் அலுவலகத்தில் நம்பர் விழும், உதவி இயக்குநர் ஊராட்சிகளுக்குப் போகும், அங்கிருந்து பி.டி.ஓ.வுக்கு, பி.டி.ஓ.விடமிருந்து எங்களை மாதிரி செயலாளரிடம் அறிக்கை கேட்டு வரும். அப்போது செயலாளர் எதைப் பார்த்து அறிக்கை எழுதுவார்? தீர்மானப் புத்தகத்தைத்தான். அங்கே "சீராக நடைபெற்று வருகிறது" என்று ஊரே கையெழுத்துப் போட்டிருந்தால், மனுவுக்கு வரும் பதிலும் அதே வரியாகத்தான் இருக்கும். புத்தகத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் கலெக்டரிடம் போங்கள். தீர்மான நகலை மனுவோடு பின் அடித்துக் கொடுத்தால் கதையே வேறு.

இனி, புத்தகத்தைச் சரிசெய்வது எப்படி? மே 1 வரியை அடிக்கவோ மாற்றவோ கேட்காதீர்கள். எழுதி முடித்த தீர்மானத்தில் கை வைப்பது யாருக்கும் நல்லதல்ல. புதுத் தீர்மானம் போட வேண்டும், பழைய எண்ணைக் குறிப்பிட்டே போட வேண்டும். "1.5.2025 கிராம சபைத் தீர்மானம் எண் இன்னதில் கண்டவாறு இல்லாமல், மேற்குத் தெருவுக்குக் குடிநீர் விநியோகம் சீராக இல்லை என்று கிராம சபை பதிவு செய்கிறது" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி வந்துவிட்டால் உங்கள் அம்மாவின் கையெழுத்து உண்மையின் பக்கம் திரும்பிவிடும்.

கூட்டம் முடியும் நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அன்று வருகைக் கையெழுத்துத் தாள் முதலிலேயே சுற்றுக்கு வந்துவிடும். வந்ததும் போடாதீர்கள். "தீர்மானங்களை வாசியுங்கள், கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். யாரும் கோபப்பட முடியாது, ஏனென்றால் வாசிப்பதுதான் முறை. வாசித்த பிறகு கடைசித் தீர்மானத்துக்குக் கீழே எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். கால் பக்கமோ அரைப் பக்கமோ வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் கையெழுத்து ஆரம்பித்தால், பின்னால் எதையும் சேர்த்து எழுத முடியாதபடி அந்த இடத்தில் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். நல்ல செயலாளர் தானாகவே போடுவார்.

இன்னொன்று, கோரம், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். உங்களுக்கு 100 பேர் வர வேண்டும். உங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வந்தாலே கோரத்தில் நல்ல பங்கு உங்களுடையது. அதன் கனம் வேறு.

முன்னாள் வார்டு 4:

செயலாளர் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் 2019இல் பெண்கள் இடஒதுக்கீட்டில் வார்டு உறுப்பினராக வந்தவள். முதல் இரண்டு மூன்று கூட்டத்தில் வாய் திறக்கவே தயக்கமாக இருந்தது. அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். ஆண்கள் முன்னால் நாற்காலியில், பெண்கள் பின்னால் தார்ப்பாயில். மைக் முன்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து பேசினால் "சத்தம் போடாதீங்கம்மா" என்பார்கள். அன்றிலிருந்து எங்கள் வார்டுப் பெண்களை முன்கூட்டியே வரச் சொல்லி மேசைக்கு எதிரே உட்கார வைத்தேன். அதுவே பெரிய மாற்றம்.

தம்பி, உங்கள் அம்மாவையே மறுபடியும் பேசச் சொல்லுங்கள். படித்த பிள்ளை வந்துவிட்டான் என்று அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் எழுந்து பேச வேண்டாம். குடம் தூக்குகிறவர் சொன்னால்தான் சபை கேட்கும். நீங்கள் மனுவும் பேனாவுமாகப் பக்கத்தில் இருங்கள், போதும். எண்ணிக்கையோடு பேசச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எத்தனை குடம் கிடைக்கிறது. ஜல் ஜீவன் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 15 லிட்டர் குடம் என்றால் நாலு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் நாலு பேர் இருந்தால் 220 லிட்டர் வர வேண்டும். "எங்களுக்கு ஒரு குடம் வருது, மிச்சம் எங்கே போகுது?" என்று அம்மா கேட்கட்டும்.

தொட்டி இயக்குபவர்:

நான் வேறு ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். வேலை செய்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள். ஒரே குழாய் கிழக்கே தொடங்கி மேற்கே முடிகிறது என்றால், எல்லாத் தெருவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்வரை மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. பள்ளத்தில் இருக்கும் குழாய்கள் அழுத்தத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும். கூடுதல் நேரம் திறந்துவிட்டாலும் கிழக்குத் தெரு வாசலில்தான் வழிந்து ஓடும்.

நடுத்தெரு முக்கில் கிளை பிரியும் இடத்தில் கேட் வால்வு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மண்ணில் புதைந்திருக்கும், கிளறிப் பார்க்க வேண்டும். கிழக்குப் பக்கத்தை அடைத்துவிட்டு உங்கள் தெருவுக்கு முதலில் விட்டால் தொட்டி நிறைந்திருக்கும்போது அழுத்தம் நன்றாக இருக்கும். எங்கள் ஊரில் மேட்டுத் தெருவுக்கு விடியற்காலை முறை வைத்த பிறகு சண்டை நின்றது. இன்னொன்று, யாராவது குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் அதற்கு அப்பால் இருக்கிற வீட்டுக்கு ஒரு சொட்டும் வராது. அதை ஆபரேட்டர் தனியாகப் போய்க் கேட்க முடியாது, அடிக்க வருவார்கள். ஊர் கூடித் தீர்மானம் போட்டால்தான் நாங்கள் கேட்க முடியும்.

மேற்குத்தெரு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆபரேட்டர் அண்ணன் சொன்னபடி அப்பாவைப் பார்க்கச் சொன்னேன். முக்கில் வால்வு இல்லையாம், வெறும் டீ (T வடிவ இணைப்பு) போட்டுத்தான் பிரித்திருக்கிறார்களாம். மனு எழுதிப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்:

"ஐயா, எங்கள் தெருவில் பல ஆண்டுகளாகக் குடிநீர்ப் பிரச்சினை இருந்து வருகிறது. பலமுறை எடுத்துக் கூறியும் எந்த நடவடிக்கையும் இல்லை. எனவே சமூகம் தயவு செய்து உடனடியாக எங்கள் குறையைத் தீர்த்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

செயலாளர் ஐயாவிடம் இன்னொரு கேள்வி. "நிதி இல்லை" என்றால் என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற செயலாளர்:

தம்பி, இந்த மனுவைப் படிக்கிறவருக்கு எந்தத் தெரு, என்ன வேலை, எந்த நிதி என்று ஒன்றுமே தெரியாது. இதற்கு "நிதி நிலைக்கேற்ப நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆபரேட்டர் தம்பி எவ்வளவு அழகாக வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார், அதையே எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பொருள்: மேற்குத் தெரு வீடுகளுக்குக் குடிநீர் விநியோகத்தைச் சீர்செய்வது. பள்ளி அருகிலுள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து வரும் விநியோகக் குழாயில் நடுத்தெரு முக்கில் வால்வு இல்லாததால் மேட்டிலுள்ள எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. ஆகவே, மேற்படி முக்கில் கேட் வால்வு பொருத்தி மேற்குத் தெருவுக்குத் தனி நேரம் ஒதுக்கவும், குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவதைத் தடை செய்யவும், தொட்டியிலிருந்து மேற்குத் தெருவுக்குத் தனிக் குழாய் பதிக்க மதிப்பீடு தயாரித்து 2026-27 கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும், 15.8.2025 கிராம சபையில் தனிப் பொருளாக வைத்துத் தீர்மானம் இயற்றக் கோருகிறோம்."

கீழே வீடு வாரியாகப் பெயர், கதவு எண், கையெழுத்து. தெருவில் எத்தனை வீடு என்பதையும் எண்ணிப் பொருளிலேயே எழுதுங்கள்.

நிதிக் கேள்விக்கு வருகிறேன். வால்வு சின்ன வேலை. மோட்டார் காயில் கட்டுவது, வால்வு மாற்றுவது, உடைப்பு அடைப்பது மாதிரிப் பராமரிப்புக்கு ஊராட்சிப் பொதுநிதியே போதும். குடிநீர் வழங்குவது ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவில் தெருவிளக்கு, வடிகால், துப்புரவோடு சேர்த்து ஊராட்சியின் கட்டாயக் கடமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மற்ற செலவுக்கு முன்னால் இது வர வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தனிக் குழாய் பெரிய வேலை, அதற்கு மதிப்பீடு வேண்டும். ஒன்றிய ஓவர்சியர் வந்து அளக்க வேண்டும். மத்திய அரசு தரும் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிய பணம். அதை ரோட்டுக்குத் திருப்ப முடியாது. அந்தப் பணம் இந்த வருஷம் எதற்குப் போனது என்று நீங்களே பார்க்கலாம். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் திட்டத்தில் உள்ள வேலைகளும் பட்டுவாடாவும் வரும். திருப்பூரிலிருந்தே போனில் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் வரவு செலவுப் பலகையும் வைத்திருப்பார்கள், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 15இல் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அன்று தீர்மானம் மட்டும் வாங்குங்கள், வால்வு வேலையை நடத்துங்கள். அடுத்த வருஷத் திட்டம் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2 வாக்கில் தொடங்கும். அந்தக் கிராம சபையில் தனிக் குழாய் திட்டப் பட்டியலில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். தேதி மாறக்கூடும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நவம்பர் 1 கூட்டம் தீபாவளிக்கு மறுநாள் வந்ததால் 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

வைகைக்கரை:

செயலாளர் அண்ணே, ஒத்துக்கொள்கிறேன், இவ்வளவு விவரமாக நான் யோசிக்கவில்லை. தீர்மான நகல் கேட்டால் தர மறுத்தால் என்ன வழி?

ஓய்வுபெற்ற செயலாளர்:

தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம் என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அது அவருடைய மேசை இல்லையென்றாலும் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரியவருக்கு அவரே அனுப்பிவிட வேண்டும், நாம் அலைய வேண்டியதில்லை. "15.8.2025 கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டின் நகலும் வருகைப் பதிவேட்டின் நகலும் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் வேலை நடக்கவில்லை" என்று கேட்டால் அது தகவலே இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்வார்கள்.

மேற்குத்தெரு தம்பி, மனுவை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குக் கிளம்புங்கள்.

மேற்குத்தெரு:

சரிங்க ஐயா. இந்த ஞாயிறு ஊருக்குப் போய் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறேன். திங்கட்கிழமை காலையில் ஒன்றிய அலுவலகம். முத்திரை வாங்கியதும் இங்கே எழுதுகிறேன்.